வெர்னா உட்காரும் பக்கம்

வண்டி கண்ணில் படுவதற்கு முன்பே அதன் சத்தம் வந்துவிட்டது. ரயில் தண்டவாளத்தைத் தாண்டும் இடத்தில் 'டங்' என்று ஒன்று. செல்மரின் வீட்டுப் பாதைக்குத் திரும்பும் பள்ளத்தில் 'டங்' என்று இன்னொன்று. ஷெட்டுக்குள் நின்றிருந்த செல்மர் ஹாகென் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் செய்த முதல் காரியம், கீழே விழாத ஒரு ஸ்பேனரைத் தேடிக் குனிந்ததுதான்.

தானியக் கிடங்கில் முப்பத்தொரு வருஷம் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். எந்த வண்டி எந்த இடத்தில் முனகுகிறது என்று படுத்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவார் என்று ஊரில் பேர். அந்தப் பேருக்காக அவர் அன்று மிகவும் வருத்தப்பட்டார்.

ஊர்ப் பக்கமிருந்து வந்தது ஓடெல் லீயின் பழைய பிக்அப். இருபத்தாறு வயது, பழுப்பும் வெள்ளையும். ஓடெல் பக்கத்து நிலத்துக்காரர், ஐம்பது வருஷச் சிநேகிதர். இறங்கி வந்து ஷெட் வாசலில் நின்று, தொப்பியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"என்ன ஓடெல், திங்கக்கிழமை காலையிலேயே?"

"ஒண்ணுமில்ல."

வடக்கு டகோட்டாவின் அந்தப் பகுதியில் ஒண்ணுமில்ல என்றால் பெரிதாக ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். செல்மர் காபிக்குக் கூப்பிட்டார். ஓடெல் வேண்டாம் என்றார். மறுபடி கூப்பிட்டார், இப்பத்தான் குடித்தேன் என்றார். மூன்றாவது முறை கூப்பிட்டதும், "சரி, அரை கப்" என்று முழு கப் வாங்கிக்கொண்டார். மழை போதவில்லை, கோதுமை பரவாயில்லை, போதகரின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. இதையெல்லாம் பேசி முடித்த பிறகு ஓடெல் வண்டியின் பக்கம் பார்க்காமலே சொன்னார்.

"வண்டி கொஞ்சம் தூக்கிப் போடுது."

"கொஞ்சம்னா?"

"வெர்னா வியாழக்கிழமை வரலைங்கறா."

செல்மர் கப்பைக் கீழே வைத்தார்.

ஓடெலின் மனைவி வெர்னாவுக்கு மே மாத ஆரம்பத்தில் முதுகுத் தண்டில் ஆபரேஷன். வாராவாரம் வியாழக்கிழமை எண்பது மைல் தள்ளி மைனாட்டுக்குப் போய் சிகிச்சை எடுக்க வேண்டும், இல்லையென்றால் இடது காலுக்குப் பலம் திரும்ப வராது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர்களுடைய காரை வசந்தத்தில் ஒரு மான் குறுக்கே வந்து மோதி முடித்துவைத்துவிட்டது. வேறு கார் வாங்கினாலும் வெர்னாவால் அவ்வளவு தாழ்வாகக் குனிந்து உட்கார முடியாது; புது பிக்அப் என்றால் அவ்வளவு உயரம் ஏற முடியாது. பழைய பிக்அப்பின் சீட் சரியாக அவர் இடுப்பு உயரம். அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து ஏறிவிடலாம்.

"ஆறு தடவ போயிட்டு வந்தாச்சு," என்றார் ஓடெல். "நேத்து சர்ச்லேருந்து வர்றப்ப தண்டவாளத்துல ஒரு குத்து. அவ ஒண்ணும் சொல்லல. வீட்டுக்கு வந்து சொன்னா, காலு வந்தா வரட்டும் வராட்டி போகட்டும், இனிமே அந்த வண்டில ஏற மாட்டேன்னு. நான்கூட இத்தன நாளா வண்டில ஒண்ணுமில்ல, உன் முதுகுதான் அப்படி இருக்குன்னு சொல்லிக்கிட்டிருந்தேன். நேத்து நானே அவ சீட்டுல கையை ஊணிப் பார்த்தேன். வண்டிதான். நீ ஒரு பார்வ பாரேன்."

செல்மருக்குப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை.

மே மாதத்தில் ஓடெலும் வெர்னாவும் பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, வீட்டையும் பூனைகளையும் பார்த்துக்கொண்டவர் செல்மர். அந்த வாரம்தான் அவருடைய புது பிக்அப் வந்தது. வாழ்நாளில் முதல் புது வண்டி, கருநீலம். அதை நிறுத்தும் ஷெட்டின் வாசல் சேறாக இருந்தது. சேற்றில் அதை நிறுத்த மனம் வரவில்லை. சரளை கொட்டினால் சரியாகிவிடும். சரளையைத் தன் புது வண்டியில் ஏற்றினால் பின்னால் பெயிண்ட் போய்விடும். ஓடெலின் பழைய வண்டி சும்மா நின்றுகொண்டிருந்தது, சாவி வழக்கம் போல ஆஷ்ட்ரேயில் கிடந்தது.

அந்த ஊரில் பக்கத்து வீட்டு வண்டியைக் கேட்காமல் எடுப்பது தப்பே இல்லை. எடுத்தால் கழுவி, டேங்கை நிரப்பி, நின்ற இடத்தில் நிறுத்திவிட வேண்டும். அவ்வளவுதான் சட்டம். செல்மர் கவனமான ஆள். கிளம்பும் முன் பின் டயர் இரண்டிலும் எழுபது பவுண்டு காற்று அடித்தார். குவாரியில் சரளை அள்ளும் லோடர் இயந்திரத்தை ஓட்டுகிறவன் அதன் பக்கெட்டால் ஒரு முறை அள்ளிப் போட்டான். வண்டி குனிந்தது.

"இன்னொண்ணு போடவா?" என்று கேட்டான். "தாங்குமா இது?"

போதும் என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல். ஆனால் அந்தக் குவாரியில் நின்று போதும் என்று சொன்ன ஆண்பிள்ளையை செல்மர் இதுவரை பார்த்ததில்லை.

"இதைவிட அதிகமெல்லாம் தாங்கியிருக்கு," என்றார், ஏதோ தன் வண்டியைப் போல.

இரண்டாவது பக்கெட் விழுந்ததும் முன் விளக்குகள் வானத்தைப் பார்த்தன. திரும்பி வரும் வழியில் தண்டவாளத்தைத் தாண்டும்போது கீழே ஏதோ ஒன்று சர்ச் கதவை ஓங்கிச் சாத்தியதுபோல அறைந்தது. செல்மர் வண்டியை நிறுத்தி, யாராவது பார்த்தார்களா என்று நாலா பக்கமும் பார்த்தார். கம்பி வேலியில் ஒரு குருவி மட்டும் இருந்தது. ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். சரளையைக் கொட்டினார், வண்டியைக் கழுவினார், டேங்கை நிரப்பினார், மேலே மெழுகுகூடப் போட்டார். எல்லா மரியாதையும் செய்தார். அடியில் மட்டும் குனிந்து பார்க்கவில்லை.

இப்போது ஓடெல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்ததென்னவோ உண்மை. ஆனால் அதிலிருந்து வந்தது, "மொதல்ல டயரப் பாத்துருவோம்" என்பதுதான்.

காற்று அளக்கும் குச்சியை வைத்தார். எழுபது. கதவில் ஒட்டியிருந்த சீட்டில் முப்பத்தைந்து என்று போட்டிருந்தது. காலி வண்டியில் இந்தக் காற்றோடு போனால் டயரும் கட்டாந்தரையும் ஒன்றுதான். அன்று அடித்ததை இறக்க மறந்திருக்கிறார்.

ஓடெல் குச்சியை வாங்கிப் பார்த்தார். மெல்ல அவர் முகம் இறுகியது.

"போன இலையுதிர்ல டயர் மாத்தினது டுவேன் ஷ்மாட்ஸ். அவன் வேலைதான் இது. என்னான்னு நெனச்சான், டிராக்டர்னு நெனச்சானா?"

செல்மர் மூச்சை உள்ளே இழுத்தபடி, "யா," என்றார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நார்வேயிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே 'யா' என்ற சொல்லை இரண்டு விதமாகச் சொல்வார்கள். மூச்சை வெளியே விட்டுச் சொன்னால் ஆமாம். உள்ளே இழுத்துச் சொன்னால் அது ஆமாமாகவும் இருக்கலாம், 'நீ சொல்வது காதில் விழுந்தது' என்பதாகவும் இருக்கலாம், 'கடவுளே, பேச்சை மாற்று' என்பதாகவும் இருக்கலாம். கேட்கிறவர் தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். ஓடெல் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். செல்மர் கொடுத்தது எது என்று செல்மருக்கே தெரியவில்லை.

காற்றை முப்பத்தைந்துக்கு இறக்கினார்கள். செல்மர் வண்டியை ஓட்டிப் பார்த்தார். ஓடெல் பக்கத்தில் வந்து உட்காருகிறேன் என்றார். எடை வித்தியாசப்படும், நீ இங்கேயே இரு என்று செல்மர் இறக்கிவிட்டார். ஒரு மைல் போய்த் திரும்பினார். ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு வரும்போது அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை. தண்டவாளம் வரை போகவில்லை. போகாததற்கு ஒரு காரணமும் தன்னிடமே சொல்லிக்கொள்ளவில்லை.

"கொஞ்சம் தேவல," என்றார் இறங்கி. "ஷாக் அப்சார்பரையும் பாத்துருவோம். வண்டி இங்கயே இருக்கட்டும்."

"அடியில நான் படுத்துப் பாக்கறேன், நீ விளக்கப் பிடி."

"உனக்கு எதுக்கு. தோள்பட்டை வலிங்கற. போ, வெர்னா தனியா இருப்பா."

ஓடெலை வீட்டில் விட்டுவிட்டு வந்து, ஜாக்கி வைத்து, அடியில் தாமே படுத்தார். ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு திறந்தார்.

பின்னால் ஷாக் இரண்டும் எண்ணெய் ஒழுகியிருந்தன. அதைப் பார்த்து அவருக்கு வந்த சந்தோஷம் சொல்லி மாளாது. வயதானதால் வந்த நேர்மையான கோளாறு, யார் மேலும் பழி இல்லை. ஆனால் அதற்குப் பக்கத்திலேயே மற்றதும் இருந்தது. பட்டை பட்டையாக அடுக்கிய வில் ஸ்பிரிங் வில்லாக இல்லை, பலகையாக இருந்தது. வலது பக்கத்தில் இரண்டாவது பட்டை சுத்தமாக உடைந்திருந்தது. அச்சும் வண்டியின் சட்டமும் முட்டாமல் இருக்க நடுவில் இருக்கும் ரப்பர் கட்டை பிய்ந்து போயிருந்தது. அது இருந்த இடத்தில் இரும்பும் இரும்பும் இடித்து, புது நாணயம்போல ஒரு தழும்பு பளபளத்தது. அந்தத் தழும்பு எப்படி வந்திருக்கும் என்று அவருக்குத் தெரியும். ஆறு வியாழக்கிழமை, போக எண்பது, வர எண்பது.

சட்டத்தின் மடிப்பில் இளஞ்சிவப்பாக நாலைந்து சரளைக் கற்கள் சிக்கியிருந்தன. அந்த நிறம் அந்தக் குவாரியில் மட்டும்தான். செல்மர் அவற்றை ஒவ்வொன்றாக நோண்டி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். போட்டுக்கொண்ட பிறகுதான், தான் இப்போது செய்தது என்ன என்று புரிந்தது. அறுபத்தெட்டு வயதில், ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்த மனிதர், தடயத்தை அழித்துக்கொண்டு ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை புது ஷாக் வாங்கி மாட்டினார். தன் செலவு, மிகுந்த தாராளம். ஓடெல் வந்து வண்டியை எடுத்துப் போனார். சாயங்காலம் போன் வந்தது.

"சின்னக் குண்டு குழியெல்லாம் நல்லாருக்கு செல்மர். தண்டவாளத்துல மட்டும் அதே குத்து. வெர்னா சொல்றா, நீ பாவம், ரொம்ப மெனக்கெடாதன்னு."

நீ பாவம் என்ற சொல்லோடு அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்.

புதன்கிழமை காலை பெட்ரோல் போடும் இடத்தில் காபி வாங்கப் போனபோது, டுவேன் ஷ்மாட்ஸ் அங்கே ஒரு டோநட்டைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் நின்றிருந்தான். டயர் கடைக்காரன், நாற்பது வயது, நூற்றிருபது கிலோ. டோநட்டைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் அவனை யாரும் பார்த்ததில்லை.

"செல்மர், உங்களுக்கு ஓடெல நல்லாத் தெரியுமில்ல. நான் அவருக்கு என்ன பண்ணிட்டேன்?"

"ஏன்?"

"ரெண்டு நாளா எதிர்ல வர்றாரு. விரலத் தூக்கல."

அந்த ரோடுகளில் எதிரே யார் வந்தாலும் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்க வேண்டும். தெரிந்தவருக்கும் தூக்கலாம், தெரியாதவருக்கும் தூக்கலாம், வரி அதிகாரிக்குக்கூடத் தூக்குவார்கள். தூக்காமல் போவது என்றால் செத்தாலும் உன் சாவுக்கு வர மாட்டேன் என்பதற்குச் சமம்.

"கவனிச்சிருக்க மாட்டான்," என்றார் செல்மர்.

"மூணு தடவ. மூணாவது தடவ நான் ரெண்டு கையையும் தூக்கினேன், வண்டி கொஞ்சம் பள்ளத்துக்கே போயிருச்சு. எங்க அம்மாவுக்குப் போன் பண்ணிக் கேட்டேன், நம்ம வீட்ல யாராவது அவங்களப் பத்தி எதாவது பேசினீங்களான்னு. வெர்னாவுக்கு வேற உடம்பு சரியில்ல. நான் 'பை' பலகாரம் ஒண்ணு சுட்டுக் கொண்டுபோய்க் கொடுக்கலாம்னு இருந்தேன். இப்ப போகலாமா வேணாமான்னு தெரியல."

செல்மர் மூச்சை உள்ளே இழுத்தார். 'யா' என்று வரப்போனதை நாக்கிலேயே கடித்து நிறுத்தினார். காபி வாங்காமல் வெளியே வந்து, நேராக ஓடெல் வீட்டுக்கு வண்டியை விட்டார்.

சமையலறையில் வெர்னா நின்றுகொண்டிருந்தார். ரொம்ப நேரம் உட்கார முடியாது, ரொம்ப நேரம் நிற்கவும் முடியாது. பிடித்து நடக்கும் அலுமினியச் சட்டத்தின் மேல் இரண்டு முழங்கையையும் ஊன்றி, அதிலேயே ஒரு துண்டை விரித்து, பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். ஓடெல் மேஜையில் இருந்தார்.

"காபி?" என்றார் வெர்னா.

"வேண்டாம்."

"அரை கப்?"

"வேண்டாம் வெர்னா. நெஜமாவே வேண்டாம்."

இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். இரண்டாம் முறையே நிஜமாக மறுப்பது அந்த வீட்டில் நடந்ததில்லை.

"டுவேன் இல்ல," என்றார் செல்மர். "நான்தான்."

"எது நீதான்?" என்றார் ஓடெல்.

"டயர்ல காத்து அடிச்சது."

ஓடெல் யோசித்தார். அவர் யோசிப்பது உழவு மாதிரி, ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை போகும்.

"நான் டுவேன்னு சொன்னப்ப நீ யான்னு சொன்னியே."

"சொன்னேன்."

"உள்ள இழுத்துச் சொன்னியா, வெளிய விட்டுச் சொன்னியா?" என்று கேட்டார் வெர்னா.

"உள்ள."

"அப்ப பொய்ன்னு சொல்ல முடியாது," என்றார் வெர்னா, ஒரு பட்டாணியை உரித்தபடி. "ரொம்ப வசதி."

செல்மர் நின்றபடியே மீதியையும் சொன்னார். அவர்கள் ஆஸ்பத்திரியில் இருந்த வாரம், குவாரி, தண்டவாளத்தில் கேட்ட அறை, உடைந்த பட்டை, பிய்ந்த ரப்பர் கட்டை. சட்டைப் பையிலிருந்து கற்களை எடுத்து மேஜையில் வைத்தார். ஃபிரிட்ஜ் ஒரு முறை உறுமி அடங்கியது.

"எத்தன பக்கெட்?" என்றார் ஓடெல்.

"ரெண்டு."

"ஒண்ணுதான் தாங்கும்."

"தெரியும். அவன் கேட்டான். போதும்னு சொல்ல வாய் வரல."

ஓடெல் மெதுவாகத் தலையை ஆட்டினார். அந்தக் குவாரியில் அவரும் நின்றிருக்கிறார், அவருக்கும் வாய் வந்ததில்லை. செல்மருக்கு ஒரு கணம், இத்தோடு தப்பித்துவிட்டோமோ என்றுகூடத் தோன்றியது. அப்போதுதான் வெர்னா கேட்டார்.

"உன் வண்டி அப்ப வந்துருச்சுல்ல, செல்மர்?"

"வந்துருச்சு."

"அத ஏன் எடுக்கல?"

இதற்கு நாலு பதில் இருந்தன. நாலும் பாதி உண்மை. வரும் வழியில் நாலையும் ஒத்திகை பார்த்திருந்தார்.

"பெயிண்ட்," என்றார். "புதுசு. கீறிரும்னு."

ஓடெலின் தலை ஆடுவது நின்றது.

வெர்னா உரித்த பட்டாணியை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகப் பேசியிருந்தால் செல்மருக்கு உதவியாக இருந்திருக்கும். அவர் சாதாரணமாகத்தான் பேசினார்.

"நாலாவது தடவையிலேருந்து எனக்கு என் மேலயே சந்தேகம். ஓடெல் வண்டில ஒண்ணுமில்லைங்கறான். சரி, நான்தான் பலவீனமாயிட்டேன் போலன்னு நெனச்சேன். டாக்டர்கிட்ட வலி குறையலன்னு சொன்னேன். மாத்திரையக் கூட்டிக் குடுத்தாங்க. அதப் போட்டா ஒரு நாள் முழுக்கத் தூங்கி வழியறேன். போன வாரம் தங்கச்சிகிட்ட போன்ல பேசறப்ப அவ பேரு மறந்து போச்சு."

ஓடெல் எழுந்து தொப்பியைப் போட்டார். "வா."

வாசலில் பழைய பிக்அப் நின்றது. செல்மர் பழக்கத்தில் ஓட்டுகிற பக்கம், அந்த நாட்டில் இடது பக்கம், போனார்.

"அந்தப் பக்கம்," என்றார் ஓடெல்.

செல்மர் சுற்றிப்போய் வலது சீட்டில் ஏறினார். அங்கே ஒரு தலையணை இருந்தது, பூப்போட்ட உறை. அதை எடுத்து முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தார். ஓடெல் வண்டியை எடுத்தார். வெர்னாவோடு போகும் அதே வேகத்தில், முப்பதுக்கு மேல் போகாமல், ரொம்பக் கவனமாகத் தண்டவாளத்தின் மேல் ஏற்றினார்.

குத்து உட்காரும் எலும்பில் தொடங்கி, முதுகு வழியாக மேலேறி, பல்லில் போய் முடிந்தது. நாக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. ஓடெல் அந்தப் பக்கம் போய் வண்டியைத் திருப்பி, மறுபடி ஒரு முறை ஏற்றினார்.

செல்மருக்கு அப்போதுதான் விளங்கியது. இரண்டு நாளாக வண்டியை அவர் தவறான சீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டீயரிங்கைப் பிடிக்கிறவனுக்குக் குழி முன்னாலேயே தெரியும், கை தாங்கும், உடம்பு தயாராகிவிடும். பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறவருக்குப் பிடிக்க ஒன்றும் இல்லை. உடைந்த பட்டை அந்தச் சீட்டுக்குப் பின்னால், அதே பக்கத்தில். வெர்னா உட்காரும் பக்கத்தில். முப்பத்தொரு வருஷ மெக்கானிக் எப்போதுமே ஓட்டுகிற பக்கத்தில்தான் ஏறியிருக்கிறார்.

வீட்டுக்குத் திரும்பியதும் வெர்னா அவர் வாயைப் பார்த்தார். "என்ன, ரத்தம்?"

"நாக்கு கழிச்சுக்கிச்சு," என்றார் செல்மர். கடிச்சு என்று சொல்ல வந்தது.

"எனக்கு மூணாவது தடவ அதான்," என்றார் வெர்னா. உதடு ஒரு பக்கம் கோணியது. "என்னச் சிரிக்க வைக்காத. முதுகு இழுக்குது. நீ இப்ப நல்லவனாயிட்டேன்னு அர்த்தமில்ல."

"இல்ல."

"போ. போய் வேலையப் பாரு."

அந்த மாடலுக்கு ஸ்பிரிங் வேண்டுமென்றால் அறுபது மைல் தள்ளி இருக்கும் பழைய வண்டிகள் போட்டிருக்கும் மைதானத்துக்குத்தான் போக வேண்டும். செல்மரின் கருநீல வண்டியில்தான் போனார்கள். அங்கே ஒரு செத்த பிக்அப்பின் அடியிலிருந்து, வளைவு போகாத இரண்டு ஸ்பிரிங் செட்டைக் கழற்றினார்கள். துருவும் கிரீஸுமாக ஒவ்வொன்றும் ஒரு ஆள் கனம். பின்னால் ஏற்றும்போது ஓடெல் ஒரு நொடி நிறுத்தி, "கீழ எதாவது சாக்கு போடணுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம்."

ஓடெல் தள்ளினார். இரும்பு முனையிலிருந்து முனை வரை கத்திக்கொண்டே போயிற்று. செல்மர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று நினைத்ததும், பார்க்க வேண்டும் போல இருந்ததும் இரண்டுமே அவருக்கு வெட்கமாக இருந்தது.

மத்தியானம் மூன்று மணிக்கு டுவேனுக்குப் போன் செய்தார். நடந்ததைச் சொன்னார்.

"அப்ப நான் ஒண்ணும் பண்ணல," என்றான் டுவேன்.

"நீ ஒண்ணும் பண்ணல."

"நான் ரெண்டு நாளாத் தூங்கல, செல்மர்."

"தெரியும். மன்னிச்சுக்கோ."

"அம்மாகிட்ட நீங்களே போன் பண்ணிச் சொல்லிருங்க. அவங்க என் மேலதான் தப்புன்னு முடிவே பண்ணிட்டாங்க."

அந்தப் போனையும் செய்தார். அது பதினைந்து நிமிஷம் எடுத்தது. அதில் பேசியது பெரும்பாலும் அந்த அம்மாள்தான்.

போல்ட்டுகள் துரு ஏறி ஒட்டிக்கொண்டிருந்தன. டுவேன் கடையை மூடிவிட்டுக் அழுத்தக் காற்றில் சுழலும் ஸ்பேனரோடும், ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட ஒரு 'பை' பலகாரத்தோடும் வந்தான். ஓடெல் அவனைப் பார்த்து, "வா," என்றார். அந்த ஒரு சொல்லிலேயே எல்லா விரல்களும் அடக்கம் என்று டுவேனும் எடுத்துக்கொண்டான். மூன்று பேரும் அதிகம் பேசாமல் வேலை செய்தார்கள். செல்மர் வலது பக்கத்தை மட்டும் யாரையும் தொடவிடவில்லை. புது ரப்பர் கட்டைகளைப் பூட்டி, அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி இருக்கிறதா என்று மூன்று தரம் கையை வைத்துப் பார்த்தார். ஜூன் மாத வெயில் இன்னும் கோதுமை மேல் கிடந்தபோதே வேலை முடிந்தது. ஓடெலை ஓட்டச் சொல்லி, செல்மர் வெர்னாவின் பக்கம் ஏறி, நாக்கை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டிப் பார்த்தார். வண்டி ஒரு முறை மூச்சு விட்டதுபோல எழும்பி, இறங்கியது.

"எப்படி?" என்றார் ஓடெல்.

"எனக்குத் தெரியல," என்றார் செல்மர். அது உண்மை. "என் முதுகுல கத்தி வச்சதில்ல."

நாளைக்கு வருவாயா என்று ஓடெல் கேட்டதற்கு வெர்னா, பார்க்கலாம் என்றார். அவ்வளவுதான் தெரியும்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு செல்மர் ஜன்னல் திரையை ஒரு விரல் அளவுக்கு விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பழுப்பு வண்டி ரோட்டில் போனது. வலது பக்கத்தில் ஒரு தலை தெரிந்தது. அன்று முழுவதும் அவர் செய்த வேலைகளை அவரே சொல்ல மாட்டார். சரளை போட்ட வாசலைக் கூட்டினார். சரளையைக் கூட்ட முடியாது என்பது பாதியில் ஞாபகம் வந்தது. நூற்றறுபது மைலை ஒவ்வொரு பள்ளமாக மனதில் ஓட்டினார். ஒரு பயணம் சரியாக இருந்தாலும் மற்ற ஆறும் போனது போனதுதான். அந்த மாத்திரைகளும், தங்கச்சியின் பெயரும்கூட. அதற்கெல்லாம் உதிரி பாகம் எந்த மைதானத்திலும் கிடைக்காது.

மூன்று மணிக்கு ரோட்டோரத் தபால் பெட்டியின் கீலுக்கு எண்ணெய் போடப் போனார். கீலில் ஒரு குறையும் இல்லை. நாலு மணிக்கும் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

நாலரைக்கு மேற்கே தூசி தெரிந்தது. வண்டி தண்டவாளத்தில் ஏறி இறங்கியது. சத்தம் இல்லை. செல்மர் எண்ணெய்க் குடுவையைப் பிடித்தபடி நின்றார். வண்டி மெதுவாக அவரைத் தாண்டியது. வெர்னா கண்ணாடியில் தலையைச் சாய்த்து, வாயைக் கொஞ்சம் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். மாத்திரைத் தூக்கமா, சாதாரணத் தூக்கமா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. பூப்போட்ட தலையணை பின்னால் கண்ணாடி ஓரத்தில் கிடந்தது. ஓடெல் செல்மரைப் பார்க்கவில்லை. நேராக ரோட்டையே பார்த்து, முட்டை ஏற்றிய வண்டியைப் போல ஓட்டிக்கொண்டிருந்தார்.

அவர்கள் வீட்டுக்குத் திரும்பும் பாதை அரை மைலில் இருந்தது. வண்டி அங்கே வேகம் குறைந்தது. செல்மர் பார்த்துக்கொண்டே நின்றார். குறைந்த வேகம் மறுபடி கூடியது. வண்டி திரும்பாமல் நேராகப் போய், மூலையில் வடக்கே ஒடிந்து, கோதுமைக்கு அந்தப் பக்கம் மறைந்தது.

அங்கே ரோடுகள் மைலுக்கு மைல் சதுரமாக ஓடும். ஒரு சுற்று நாலு மைல். பத்து நிமிஷம் கழித்து வண்டி மறுபடி மேற்கிலிருந்து வந்தது. வெர்னா அப்படியேதான் தூங்கிக்கொண்டிருந்தார். ஓடெலுக்கு அவரை எழுப்ப மனம் வரவில்லை போலும்; மறுபடியும் வீட்டுப் பாதையைத் தாண்டிப் போனார்.

செல்மர் எண்ணெய்க் குடுவையைக் கீழே வைத்துவிட்டு, ரோட்டில் அவர்கள் வரும் வழியில் கிடந்த கல்லொன்றைப் பொறுக்கி ஓரத்தில் போட்டார். இன்னும் கொஞ்ச தூரத்தில் இன்னொன்று இருந்தது. அதையும் எடுக்க நடந்தார்.